புழு அடையில சிவப்பா உண்ணி இருக்கு, பக்கத்துலயே புழுவும் சாகுது – மருந்து வைக்கவா வேண்டாமா?

மாந்தோப்பு_நத்தம்ரோடு கேட்டது:

வணக்கம். மதுரை நத்தம் ரோட்டுல சத்திரப்பட்டி தாண்டி எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு, வேலியோரம் முருங்கை, கொஞ்சம் கொய்யா, மூலையில ரெண்டு பெரிய புளியமரம். மூணு வருஷமா அடுக்குத்தேனீ நாலு பெட்டி வச்சிருக்கேன், எல்லாமே எங்க ஊர்லயே கெணத்துச் சுவத்துலயும் பனைமரப் பொந்துலயும் புடிச்ச கூட்டந்தான், இதுவரைக்கும் பெருசா ஒரு தொல்லையும் கிடையாது.

இந்தத் தை மாசம் மாம்பூ எடுக்கும்போது பெட்டியக் கூட்டலாம்னு வெளியூர் ஆள் ஒருத்தர்கிட்ட மூணு பெட்டி வாங்குனேன். வந்ததுல ஒண்ணு வரும்போதே கூட்டம் கம்மி, ராணி இருந்துச்சு, முட்டை கொஞ்சந்தான் இருந்துச்சு. அதுக்குத் தெம்பு குடுப்போம்னு என்னோட ரெண்டாம் நம்பர் பெட்டியில இருந்து மூடுன புழு அடை ஒரு சட்டத்த எடுத்து அதுல வச்சுட்டு, அதுல பாதி காலியா இருந்த ஒரு சட்டத்த எடுத்து ரெண்டாம் நம்பர்ல வச்சேன். ஒரு மாசம் ஆகப்போகுது.

இப்ப ரெண்டு விஷயம் பயமுறுத்துது. ஒண்ணு, ஆண் தேனீ அறை மூடியில நடுவுல ஒரு சின்ன ஓட்டை தெரிஞ்சுச்சு, நோய்தான்னு நெனச்சு ஒரு ஊக்கு வச்சு நாலஞ்சு அறையத் தொறந்து பாத்தேன், வெள்ளையா இருக்குற கூட்டுப்புழு மேல சிவப்பும் காப்பிக் கலருமா தட்டையா ஒண்ணு ஓடுது, கடுகு சைஸ் இருக்கும், நண்டு மாதிரி பக்கவாட்டுல அகலம். யூடியூப்ல பாத்தா வரோவாங்கிறாங்க, உலகம் பூரா தேனீயக் கொல்றது இதுதான்ங்கிறாங்க.

ரெண்டாவது, ரெண்டாம் நம்பர் பெட்டியிலயும் வாங்குன அந்தப் பெட்டியிலயும் வேலைக்காரத் தேனீ அறையில புழு செத்துக் கெடக்கு. சில அறைக்கு மூடி போட்டு பாதி பிச்சிருக்கு, உள்ள புழு நீட்டமாப் படுத்து தலைய மட்டும் தூக்கிக்கிட்டு இருக்கு. வாசல்ல தேனீ சும்மா கூடி நிக்குது, பறக்குறது கம்மி.

உண்ணிதான் புழுவக் கொல்லுதா? பெட்டிக்குள்ள தொங்க விடுற உண்ணி மருந்துப் பட்டை, ஸ்ட்ரிப்ங்கிறாங்களே, அத வாங்கி வைக்கலாமா? மாட்டுக் கொட்டாய் சுவத்துல கொசுத்தேனீ ஒரு கூடு இருக்கு, புளியமரத்துல மலைத்தேனீ வருஷா வருஷம் வந்து கட்டும், இப்பவும் ஒரு அடை தொங்குது. அதுல இருந்துதான் உண்ணி வந்துருக்கும், ராத்திரி தீ வச்சு வெரட்டிடுன்னு பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்றாரு. எனக்கு அதுக்கு மனசு வரல. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, ரெண்டு நாளா தூக்கம் இல்ல.

---

மேலூர்_விவசாயி:

அண்ணே எங்க மச்சான் இத்தாலி தேனீப் பெட்டி வச்சிருந்தாரு, அவரு இந்த சிவப்பு உண்ணிக்கு ஸ்ட்ரிப் தொங்க விட்டாரு, மறுநாள் அடிப்பலகையில உண்ணி கொட்டிக் கெடந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். லேட் பண்ணாதீங்க, உடனே வாங்கி எல்லாப் பெட்டியிலயும் வைங்க. கந்தகப் பொடி தூவுறதும் உண்டுன்னு சொல்லுவாரு.

---

போடி_ஏலத்தோட்டம்:

தம்பி, ஸ்ட்ரிப் வாங்காதீங்க. மொதல்ல இதக் கேளுங்க. நான் போடிமெட்டு ஏலத்தோட்டங்களுக்கு பெட்டி வைக்கிறவன், பதினெட்டு வருஷமா அடுக்குத்தேனீ மட்டுந்தான், ஏலப் பூவுக்கு அதுவும் மலைத்தேனீயும் இல்லேன்னா காய் நிக்காது.

அந்த ஓட்டை நோய் இல்ல. அடுக்குத்தேனீயில ஆண் அறை மூடி கூம்பா எழும்பி நடுவுல ஊசி குத்துன மாதிரி ஒரு துளை இருக்கும், அது அதோட அமைப்பே அப்படித்தான். புதுசா பெட்டி வைக்கிற ஆள் நூறு பேருல அம்பது பேரு அதப் பாத்து பயந்துருக்காங்க. நீங்க ஊக்கால தொறந்து பாத்தது நல்லதாப் போச்சு, ஏன்னா உண்ணி இருக்கறது தெரிஞ்சுச்சு, அதோட அது எங்க இருக்குன்னும் தெரிஞ்சுச்சு. ஆண் அறையில மட்டுந்தான பாத்தீங்க? வேலைக்கார அறை ஒரு இருவது தொறந்து பாருங்க. அனேகமா ஒண்ணுலயும் இருக்காது.

இந்த உண்ணிக்கு சொந்த வீடே நம்ம அடுக்குத்தேனீதான். இத்தாலி தேனீக்கு இது வந்தேறி, அதனால அங்க போட்டு அழிக்குது. நம்ம தேனீ இதோட எத்தனையோ காலமா இருந்து பழகிருச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உண்ணிய கடிச்சு எறியும், உண்ணி ஏறுன வேலைக்காரப் புழுவ தூக்கி வெளிய போட்டுரும், ஆண் அறையில ரொம்ப ஏறிட்டா அந்தத் துளையவே தொறக்காம உள்ள வச்சு மெழுகால அடச்சு சாகடிச்சுரும், உண்ணியும் ஆண் தேனீயும் சேந்தே போயிரும். அதனால ஆண் அறையில நாலு உண்ணி தெரியுறதுக்கு மருந்து வச்சா, அந்த வாடைக்கு கூட்டம் அடைய விட்டுட்டு ஓடிரும், நம்ம தேனீக்கு கோவம் வந்தா ஒரே நாள்ல பெட்டி காலி. மேலூர் தம்பி சொன்னது இத்தாலி பெட்டிக்கு சரி, கந்தகமும் அங்க தூவுறதுதான், இதுக்கு வேண்டாம்.

எனக்குப் பயம் உங்க ரெண்டாவது விஷயந்தான். புருவம் புடுங்குற ட்வீசர் வீட்டுல இருக்கும், அத எடுத்து, தலை தூக்கிக் கெடக்குற புழு ஒண்ண மெதுவா தலையப் புடிச்சு வெளிய இழுங்க. கிழியாம முழுசா வருதா, உள்ள தண்ணி நெறஞ்ச பை மாதிரி தொங்குதா, கலர் என்ன, மோந்து பாத்தா நாத்தம் அடிக்குதா, இந்த நாலையும் சொல்லுங்க. ஒரு தீக்குச்சிய அறைக்குள்ள விட்டு இழுத்தா நூலா வருதான்னும் பாருங்க. அதுவரைக்கும் எந்தச் சட்டத்தையும் எந்தப் பெட்டிக்கும் மாத்தாதீங்க, ரெண்டாம் நம்பர் பெட்டியத் தொட்ட கையோட அடுத்த பெட்டியத் தொறக்காதீங்க.

---

மாந்தோப்பு_நத்தம்ரோடு:

அண்ணே ரொம்ப நன்றி. காலையில ஏழு மணிக்கே போய் பாத்தேன்.

வேலைக்கார அறை இருவத்தஞ்சு தொறந்தேன், ஒண்ணுல கூட உண்ணி இல்ல. ஆண் அறை பத்துல மூணுல இருந்துச்சு.

ட்வீசர் வச்சு புழுவ இழுத்தேன். முழுசா வந்துச்சு அண்ணே, கிழியவே இல்ல. வெளித்தோல் கெட்டியா, உள்ள தண்ணி, வெயில்ல புடிச்சுப் பாத்தா ஒரு ஓரத்துல நீர் அப்படியே எறங்குது. சிலது வெளிர் மஞ்சள், சிலது காப்பிக் கலர், தலைப்பக்கம் மட்டும் கருத்துப் போயிருந்துச்சு. ரொம்பப் பழசு ரெண்டு காஞ்சு படகு மாதிரி வளைஞ்சு அறையோட அடியில ஒட்டாம தானா உருண்டு வந்துச்சு. நாத்தம் இல்ல, தீக்குச்சியில நூலும் வரல.

ஒரு அடையில எண்ணிப் பாத்தேன், மூடுன அறையும் மூடாத பெரிய புழுவும் சேத்து நாப்பது அம்பது செத்திருக்கும். நல்ல அடையா இருந்தா தட்டு மாதிரி ஒரே சீரா மூடியிருக்கும், இது பல்லு விழுந்த மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கு. வாங்குன பெட்டியில இன்னும் மோசம்.

---

பூச்சியியல்_மாணவி:

அண்ணா வணக்கம், நான் வேளாண் படிப்புல பூச்சியியல் முதுகலை பண்றேன், ஒத்தக்கடை பக்கம் தங்கியிருக்கேன். நீங்க எழுதுனத வச்சு சொல்றேன், இது சாக்புரூட் வைரஸ். தாய் சாக்புரூட்னு சொல்லுவாங்க, 1976ல தாய்லாந்துல அடுக்குத்தேனீயில இருந்து கண்டுபிடிச்சதால அந்தப் பேரு. நாத்தம் இல்ல, நூல் வரல, மூடுற பருவத்துல தலை தூக்கி சாகுது, பை மாதிரி முழுசா வருது, எல்லாம் அதுக்குத்தான் ஒத்துப் போகுது. பாக்டீரியாவால வர்ற புழு அழுகல்னா நாத்தம் அடிக்கும், அதுல ஒரு வகையில தீக்குச்சியில நூலாவும் வரும். ஆனாலும் ஒரு துண்டு அடைய காத்து போற அட்டைப்பெட்டியில வச்சு ஒத்தக்கடை வேளாண் கல்லூரி பூச்சியியல் துறையில நேர்ல காட்டிருங்க, படத்த மட்டும் பாத்து யாரும் முடிவா சொல்ல முடியாது.

உண்ணி பத்தி போடி அண்ணா சொன்னது முழுக்க சரி, அது ஏன்னு மட்டும் கொஞ்சம் சேத்து சொல்றேன். தாய் உண்ணி அறைய மூடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி புழு பக்கத்துல போய் ஒளிஞ்சுக்கும். மூடுன பிறகு கிட்டத்தட்ட மூணு நாள் கழிச்சு மொத முட்டை, அது ஆண், அதுக்கப்புறம் சுமார் 30 மணி நேரத்துக்கு ஒண்ணா பெண் முட்டை. மூடி எத்தனை நாள் இருக்கோ அத்தனை மகள் தேறும். ஆண் தேனீ அறை வேலைக்கார அறைய விட ரெண்டு மூணு நாள் கூட மூடியே இருக்கும், அதனால உண்ணிக்கு அதுதான் ஆதாயம். நம்ம தேனீயில அது ஆண் அறையோட நின்னுடுது, ஆண் தேனீ வருஷத்துல கொஞ்ச மாசந்தான் பிறக்கும், அதனால பெருகவும் ஒரு எல்லை இருக்கு. இத்தாலி தேனீயில வேலைக்கார அறையிலயும் வருஷம் பூரா பெருகுது, கூடவே சிறகு சுருங்குற வைரஸ ஊசி போடுற மாதிரி ஏத்துது. ரொம்ப காலம் உண்ணி ரத்தத்தக் குடிக்குதுன்னுதான் பாடத்துல இருந்துச்சு, 2019ல சாமுவேல் ராம்சேயோட குழுதான் அது தேனீயோட கொழுப்புத் திசுவத் தின்னுதுன்னு காட்டுச்சு. நம்ம உடம்புல ஈரல் பண்ற வேலைய தேனீயில அந்தக் கொழுப்புத் திசு பண்ணுது, அது போனா தேனீ தாங்காது.

அது எப்படி உலகம் சுத்துச்சுன்னும் பாருங்க. இத்தாலி தேனீ பெட்டிகள ஆசியாவுக்குள்ள கொண்டு வந்து நம்ம தேனீ இருக்குற எடத்துல பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, உண்ணி தாவிருச்சு, அப்புறம் அந்தப் பெட்டிகளோடயே ஊர் ஊரா போச்சு. அமெரிக்காவுல 1987, இங்கிலாந்துல 1992, நியூசிலாந்துல 2000. ஆஸ்திரேலியா மட்டும் ரொம்ப நாள் தப்பிச்சு இருந்துச்சு, 2022 ஜூன்ல நியூகாஸில் துறைமுகத்துப் பக்கம் வச்சிருந்த கண்காணிப்புப் பெட்டியில கண்டுபிடிச்சாங்க, ஒழிச்சுரலாம்னு பெட்டி பெட்டியா அழிச்சும் பாத்தாங்க, 2023 செப்டம்பர்ல முடியாதுன்னு விட்டுட்டாங்க. ஹவாய் தீவுகள்ல உண்ணி வர்றதுக்கு முன்னாடி சிறகு சுருங்குற வைரஸ் பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டியிலதான் இருந்துச்சு, உண்ணி வந்த பிறகு எல்லாப் பெட்டியிலயும் வந்துருச்சு.

இதையெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, உண்ணிக்கு றெக்கை கிடையாது அண்ணா. தேனீ தூக்கிட்டுப் போற தூரம் கொஞ்சந்தான், மிச்ச தூரம் எல்லாம் மனுஷன் லாரியில ஏத்துன தூரம். உங்க தோட்டத்துலயும் அந்த வைரஸ் வாங்குன பெட்டியோட வந்து, தெம்பு குடுக்கணும்னு நீங்க மாத்துன ஒத்தச் சட்டத்தோட ரெண்டாம் நம்பருக்குப் போயிருக்கு. வருத்தப்படுறதுக்காக சொல்லல, மத்த பெட்டிய காப்பாத்தணும்னா வழி எதுன்னு தெரியணும்ல.

---

குழித்துறைக்காரன்_மதுரையில்:

தம்பி நான் கன்னியாகுமரி மாவட்டம், வேலைக்காக மதுரை வந்து இருவது வருஷம் ஆச்சு. எங்க அப்பாக்கு மார்த்தாண்டத்துக்கு பக்கத்துல ரப்பர் தோட்டங்கள்ல நூத்து முப்பது பெட்டி இருந்து. எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் பெட்டி உண்டு, ரப்பர் தளிர் வர்ற சமயம் இலைக்காம்புல ஊறுற தேன்தான் எங்களுக்கு வருமானம்.

91, 92ல இந்த நோய்தான் வந்தது. எனக்கு அப்பம் பதிமூணு வயசு. ஒரு பெட்டியில தொடங்கிச்சு, எங்களுக்கு என்னன்னே தெரியல்ல, பலம் கொறஞ்ச பெட்டிக்கு பலமான பெட்டியில இருந்து அடை எடுத்துக் குடுக்கிறதுதான எல்லாருக்கும் பழக்கம், அப்பாவும் அதத்தான் செஞ்சாரு, நீங்க செஞ்ச அதே காரியம். அடுத்த வீட்டுக்காரரு இரவல் கேட்டா சட்டம் குடுப்போம், தேன் எடுக்குற மெஷின் ஒண்ணுதான் அஞ்சாறு வீட்டுக்கு, ஒரே கத்தி, ஒரே மெஷின். எட்டு மாசத்துல நூத்து முப்பதுல ஏழு பெட்டி மிஞ்சிச்சு. கேரளாவுலயும் எங்க மாவட்டத்துலயும் கர்நாடகாவுலயும் இதே கததான், நூத்துக்கு தொண்ணூறு பெட்டி போச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. காலிப் பெட்டிய அடுக்கி வச்சு வெறகுக்கு எடுத்தாங்க. அப்பா அந்தப் பெட்டிகள்ல கைய வைக்க மாட்டாரு, அம்மாதான் ஒண்ணு ஒண்ணா அடுப்புல வச்சாங்க. அந்த மெழுகு வாசம் அடுக்களையில ரொம்ப நாள் இருந்தது.

மிஞ்சின ஏழுதான் பிறகு எங்களுக்கு வழி காட்டுச்சு. நோய் வந்த பெட்டிக்கு நடுவுல இருந்தும் அதுகளுக்கு ஒண்ணும் ஆகல்ல. அப்பா அந்த ஏழுல இருந்து மட்டுந்தான் கூட்டம் பிரிச்சாரு, வெளிய இருந்து ஒண்ணும் வாங்கல்ல. அதனால உங்ககிட்ட சொல்லுறேன், உங்க ஒண்ணு, மூணு, நாலாம் நம்பர் பெட்டிய கண்ணு மாதிரி பாத்துக்கோங்க. அதுகள்ல இருந்து ராணி எடுங்க. வாங்குன பெட்டிய யாருக்கும் விக்காதீங்க, சும்மா கேட்டாலும் குடுக்காதீங்க. உங்ககிட்ட வித்த ஆளுக்கு கூட விவரம் தெரியாம இருந்திருக்கும், ஆனா சொல்லிப் போடுங்க, அவரு இன்னும் பத்து பேருக்கு குடுத்திருப்பாரு.

---

மாடித்தோட்டம்_அண்ணாநகர்:

குறுக்க வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டு மீட்டர் பெட்டிக்குள்ள கொசுத்தேனீ ஆறு வருஷமா இருக்கு, மாடியில வச்சிருக்க கத்திரி, பாகல், தக்காளிக்கெல்லாம் அதுதான் வருது. இந்த உண்ணி, வைரஸ் எல்லாம் அதுக்கும் வருமா? அவரு கேட்டாரு, யாரும் பதில் சொல்லல. மலைத்தேனீ பத்தியும் சொல்லுங்க, எங்க தெருவுல தண்ணித் தொட்டி அடியில ஒரு அடை இருந்துச்சு, போன மாசம் ஆள் வச்சு கொளுத்திட்டாங்க, காலையில ரோடு பூரா செத்துக் கெடந்துச்சு, கூட்டி அள்ளுனேன், இன்னும் மனசு ஆறல.

---

பூச்சியியல்_மாணவி:

அக்கா, கொசுத்தேனீக்கு வரோவா வராது. அடுக்குத்தேனீ, இத்தாலி தேனீ மாதிரி தேன்தேனீ புழுவ தொறந்த அறையில வச்சு தினமும் ஊட்டி வளத்து கடைசியில மூடும், உண்ணி உள்ள நுழையுற நேரமே அதுதான். கொசுத்தேனீ முட்டை போடுறதுக்கு முன்னாடியே அறையில சாப்பாட்ட நெறச்சு, முட்டை போட்ட கையோட மூடிரும், உண்ணிக்கு நுழைய எடமே கிடையாது. ஆனா வைரஸ் வேற கத. தேன்தேனீயில இருக்குற சில வைரஸ் கொசுத்தேனீ இனங்கள்லயும் தனித்தேனீக்கள்லயும் இருக்குறத பல நாடுகள்ல பாத்திருக்காங்க. அது வர்ற வழி பெரும்பாலும் பூதான். நோய்ப்பட்ட தேனீ ஒரு பூவுல ஒக்காந்து மகரந்தத்துல எச்சிலோ எச்சமோ பட்டுட்டா அடுத்து அதே பூவுக்கு வர்ற வேற இனம் எடுத்துக்கிட்டுப் போகுது. 1994லயே குளிர் நாட்டு பம்பிள் தேனீயில ஒரு குடல் ஒட்டுண்ணி இப்படி பூ வழியா ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போறத காட்டியிருக்காங்க. நொசீமான்னு ஒரு குடல் ஒட்டுண்ணி, அது முதல்ல நம்ம அடுக்குத்தேனீயிலதான் 1996ல பேர் வச்சு பதிவாச்சு, பத்து வருஷத்துக்குள்ள இத்தாலி தேனீயிலயும் கண்டுபிடிச்சாங்க, அப்புறம் பம்பிள் தேனீயிலயும். நம்ம சமவெளியில பம்பிள் தேனீ கிடையாது, இருந்தாலும் பூ பொதுவான தட்டு மாதிரிங்கிறது இங்கயும் அதேதான்.

மலைத்தேனீ உண்ணி வேற. டிரோப்பிலேலாப்ஸ்னு பேரு, வரோவாவ விட சின்னது, அகலத்த விட நீளம் கூட, அடை மேல வெரசா ஓடும். அண்ணா பாத்தது நண்டு மாதிரி அகலமா இருந்துச்சுன்னு சொன்னதுலயே அது மலைத்தேனீயில இருந்து வரலன்னு தெரிஞ்சுருச்சு. அந்த டிரோப்பிலேலாப்ஸுக்கு வளந்த தேனீயக் கடிச்சு சாப்பிடத் தெரியாது, புழு இல்லேன்னா ரெண்டு மூணு நாள்ல செத்துரும். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் அடைய அப்படியே விட்டுட்டு வேற எடம் போயிருது பாருங்க, பூவுக்காகத்தான் போகுது, ஆனா அதுலயே உண்ணிக்கும் ஒரு முடிவு வந்துருது. அதனால புளியமரத்து அடைய எரிக்கவே எரிக்காதீங்க, அதுக்கும் உங்க பெட்டி நோய்க்கும் சம்பந்தம் இல்ல. மாமாகிட்ட இத அப்படியே சொல்லுங்க.

இன்னொண்ணு, உங்க முருங்கைக்கு அடுக்குத்தேனீய விட பெரிய கருவண்டு, மரத்த ஓட்டை போடுமே அதுதான் முக்கியமான ஆள். அதோட வயித்துப் பக்கம் ஒரு சின்ன பை இருக்கும் சில இனங்கள்ல, அதுக்குள்ள உண்ணி கூட்டமா குடியிருக்கும், வண்டு தானே எடம் குடுத்து வச்சிருக்கு, அதோட கூட்டுக்கும் அதுக அப்படியே போகும். மொத தடவை மைக்ராஸ்கோப்புல பாத்தப்ப நான் அரை மணி நேரம் எந்திரிக்கல. உண்ணின்னு தெரிஞ்ச உடனே மருந்து அடிக்கணும்னு இல்ல அண்ணா. மாம்பூவுக்கு ஈ கூட்டமும் நெறைய வேல செய்யுது, பூ நேரத்துல பூச்சி மருந்து அடிச்சா தேனீயோட அதுவும் போயிரும்.

---

போடி_ஏலத்தோட்டம்:

தம்பி, பாப்பா சொல்லிருச்சு, சாக்புரூட்தான். இதுக்கு மருந்து கிடையாது, ஆன்டிபயாடிக் வைரஸுக்கு வேலை செய்யாது, தேன்லதான் போய் தங்கும், யாராவது பாட்டில் குடுத்தா வாங்காதீங்க.

நான் செய்யுறத சொல்றேன். வாங்குன மோசமான பெட்டி தேறாது. சாயங்காலம் எல்லாம் அடைஞ்ச பிறகு வாசல மூடி, அடைகள குழி தோண்டி எரிச்சு மண்ணப் போட்டு மூடிருங்க. கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அத வெளிய விட்டா பகல்ல மத்த பெட்டித் தேனீ வந்து அந்தத் தேன திருடிட்டுப் போகும், நோயையும் சேத்து. பெட்டிய சுரண்டி உள்பக்கம் லேசா கருகுற அளவு தீயில காட்டி வெயில்ல போடுங்க.

ரெண்டாம் நம்பருக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. செத்த புழு நெறைய இருக்குற அடைய மட்டும் எடுத்து எரிச்சுட்டு, ராணிய சின்னக் கூண்டுல போட்டு நடு அடையில தொங்க விடுங்க, மூணு வாரம். முட்டை இல்லேன்னா புது புழு இல்ல, இருக்குற புழு எல்லாம் ஒண்ணு தேனீயா வெளிய வந்துரும் இல்ல செத்து வெளிய போயிரும், வேலைக்காரத் தேனீ அறைய நக்கி சுத்தம் பண்ணிரும். நோய் பரவுறதே செத்த புழுவ வெளிய தூக்கிப் போடுற இளம் தேனீ அதே வாயால அடுத்த புழுவுக்கு ஊட்டுறதாலதான், ஊட்டுறதுக்கு புழுவே இல்லாம ஒரு இடைவெளி விட்டா அந்தச் சங்கிலி அறுபடும். ராணி சரியில்லேன்னா உங்க நல்ல பெட்டியில இருந்து ராணி அறை ஒண்ணு எடுத்துக் குடுக்கலாம், அறைய மட்டும் வெட்டி எடுங்க, சட்டத்தோட குடுக்காதீங்க.

வாசல ஒரு விரல் அகலத்துக்கு குறைங்க. சர்க்கரைத் தண்ணி பாதிக்குப் பாதி, ராத்திரி மட்டும், பெட்டிக்கு உள்ள வைங்க, ஒரு சொட்டு வெளிய சிந்துனாலும் காலையில கொள்ளை நடக்கும். கூட்டம் அடையப் போத்துற அளவு மட்டும் சட்டத்த விட்டுட்டு மிச்சத்த எடுத்துருங்க, கூட்டம் இல்லாத அடை இருந்தா மெழுகு அந்துப்பூச்சி வந்து நூல் கட்டிரும். நல்ல பெட்டிய முதல்ல பாருங்க, நோய்ப் பெட்டிய கடைசியா பாருங்க, கத்தியையும் கையையும் சோப்பு போட்டு கழுவுங்க, கத்திய தீயில காட்டுங்க. வாங்குன மத்த ரெண்டு பெட்டிய முடிஞ்சா தோட்டத்தோட அந்த மூலைக்கு மாத்திருங்க.

ஒரு விஷயம் மட்டும் கேக்கணும். பனைப் பொந்துலயும் கெணத்துலயும் காட்டுக் கூட்டம் இன்னும் இருக்கா? அதுக்கு ராணிய கூண்டுல போட யாரும் கிடையாது. உங்க பெட்டி ஆண் தேனீயும் திருட்டுத் தேனீயும் அங்க போகும். அதையும் பாத்துக்கிட்டே இருங்க.

---

மாந்தோப்பு_நத்தம்ரோடு:

அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேன், பங்குனி பாதி ஆயிருச்சு, வேப்பம்பூ எடுத்துருச்சு.

வாங்குன மோசமான பெட்டிய அன்னைக்கு சாயங்காலமே எரிச்சேன். என் பொண்ணு அஞ்சாங்கிளாஸ் படிக்குது, குழிப் பக்கத்துல நின்னு எதுக்குப்பா எரிக்கிறன்னு கேட்டுச்சு, நான் மாத்தி வச்ச சட்டத்தால வந்ததுன்னு உள்ளத சொல்லிட்டேன். ஒத்தக்கடையில அடைத் துண்டக் காட்டுனோம், பாத்துட்டு சாக்புரூட்னுதான் சொன்னாங்க, போடி அண்ணன் சொன்ன அதே ராணிக் கூண்டைத்தான் அவங்களும் சொன்னாங்க.

ரெண்டாம் நம்பர் ராணிய இருவத்தி ரெண்டு நாள் கூண்டுல வச்சேன். மொத வாரம் வாசல்ல செத்த புழு தினமும் இருவது முப்பது கெடந்துச்சு, ரெண்டாவது வாரம் அஞ்சாறு, அப்புறம் இல்ல. கூட்டம் நாலு சட்டத்துல இருந்து ரெண்டரை சட்டமா சுருங்கிருச்சு. தொறந்து விட்டு பதினோரு நாள் ஆச்சு, முந்தாநாள் பாத்தேன், கை அகலத்துக்கு புழு, முத்து மாதிரி வெள்ளையா அறையோட அடியில சுருண்டு கெடக்கு, மூட ஆரம்பிச்ச அறையில ஓட்டை எதுவும் இல்ல. ஒண்ணு, மூணு, நாலு சுத்தமா இருக்கு. வாங்குன மத்த ரெண்டுல ஒண்ணுல அஞ்சாறு புழு தலை தூக்கிருந்துச்சு, அதுக்கும் ராணிக் கூண்டு போட்டுட்டேன். வித்தவருக்கு போன் போட்டு சொன்னேன், மொதல்ல ஒத்துக்கல, நேத்து அவரே கூப்பிட்டு ட்வீசர் வச்சு எப்படி பாக்கணும்னு கேட்டாரு.

புளியமரத்து மலைத்தேனீய மாமா தொடல. அவருகிட்ட அந்தப் பாப்பா எழுதுனத வாசிச்சுக் காட்டுனேன்.

பனைப் பொந்து ஒண்ணு அமைதியாயிருச்சு அண்ணே. ஒரு வாரமா போக்குவரத்து இல்ல, ஏணி வச்சு ஏறிப் பாத்தா அடையில அந்துப்பூச்சி நூல் கட்டியிருக்கு, நாலு காஞ்ச புழு தலை தூக்கி இருந்துச்சு. என் பெட்டியில இருந்து போனதா, வேற வழியா வந்ததான்னு சொல்ல முடியாது, ஆனா நான் வேற மாதிரி நெனக்க முடியல.

கெணத்துச் சுவத்துக் கூட்டத்த தினமும் காலையில போய் பாக்குறேன், கெணத்துக் கட்டையில ஒக்காந்து பத்து நிமிஷம் எண்ணுவேன். இன்னைக்கு முப்பத்தி ஏழு தேனீ உள்ள போச்சு, அதுல பதினாலு கால்ல மகரந்தம் ஒட்டியிருந்துச்சு, வேப்பம்பூ கலர்ல. மகரந்தம் போகுதுன்னா உள்ள புழு இருக்குன்னுதான அர்த்தம் அண்ணே? நாளைக்கும் எண்ணிட்டு எழுதுறேன்.